ராத்திரி ஊறும் கிணறு: முதல் மின்சார எஸ்.யு.வி. வாங்க நினைப்பவர்களுக்கு

போன சித்திரையில் வண்டியை எடுத்துக்கொண்டு கோபி பக்கம் இருக்கும் மாமனார் ஊருக்குப் போயிருந்தோம். தோட்டத்திலிருந்து வந்த மாமா கைகால் கழுவிவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங் மாப்ள, மோட்டாரு எத்தன ஹெச்.பி.? எத்தன யூனிட்டு இழுக்கும்?"

அதுவரை இந்த வண்டியைப் பற்றி எங்களிடம் கேட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஒரு தடவ சார்ஜ் போட்டா எத்தன கிலோமீட்டர் போகும்?" மாமா அதைக் கேட்கவே இல்லை. நாற்பது வருடமாகக் கிணற்று மோட்டாரோடு புழங்குகிறவர். மின்சார வண்டியைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்க வேண்டுமோ, அங்கே தொடங்கினார்.

தினமும் பள்ளிக்கூடம், வேலை, சந்தை, வார இறுதியில் சொந்த ஊர் என்று ஓடும் குடும்பத்துக்குப் பத்துப் பதினைந்து லட்சத்தில் ஒரு சின்ன மின்சார எஸ்.யு.வி. ஒத்து வருமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மின்சாரப் படிப்பு எதுவும் தேவையில்லை. கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கோவைக்கு வந்ததிலிருந்து மில்லும் மோட்டாரும் பம்பும்தான் நம் ஊர்ப் பிழைப்பு. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்றில் ஆயில் எஞ்சின் வந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டு மின் மோட்டார் வந்தது. டீசல் வாசமும் புகையும் போய், ஸ்விட்சைப் போட்டால் தண்ணீர் கொட்டியது. கிணற்று மேட்டில் அன்றைக்கு நடந்த அதே மாற்றம்தான் இப்போது கார் ஷெட்டில் நடக்கிறது.

யூனிட் என்கிற அளவு

மின்சார வண்டி விளம்பரங்களில் 'கிலோவாட் ஹவர்' என்று ஒரு சொல் வரும். பயப்பட வேண்டாம். கரண்டு பில்லில் வரும் யூனிட்தான் அது. 1 கிலோவாட் ஹவர் என்றால் 1 யூனிட். 30 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால் 30 யூனிட் கரண்டு பிடிக்கும் தொட்டி, அவ்வளவுதான்.

நம் சாலைகளில் அதிகம் பார்க்கும் சின்ன மின்சார எஸ்.யு.வி.களை எடுத்துக்கொண்டால், டாடா நெக்ஸான் ஈ.வி. 2020 ஜனவரியில் வந்தபோது அதன் பேட்டரி 30.2 யூனிட். 2024 ஜனவரியில் வந்த பஞ்ச் ஈ.வி. 25, 35 என்று இரண்டு அளவுகளில் வந்தது. அதே வருடம் செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்சருக்கு 38. தூத்துக்குடியில் தொழிற்சாலை போட்டிருக்கும் வின்ஃபாஸ்ட்டின் வி.எஃப்.6 இவற்றைவிடப் பெரிய தொட்டி, 59.6 யூனிட், விலையும் அதற்கேற்ப மேலே.

ஒரு யூனிட்டுக்கு இந்த அளவு வண்டி எவ்வளவு ஓடும்? நிதானமாக ஓட்டினால் 7 கிலோமீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டவுனுக்குள் மெதுவாகப் போனால் 8 கூட வரும். பைபாஸில் 100, 110 என்று அழுத்தினால் ஐந்தரைக்கு இறங்கிவிடும். இந்த ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கணக்கெல்லாம் உங்கள் கைவசம். 30 யூனிட் பேட்டரி, ஏழால் பெருக்கினால் 210. அடிவரைக்கும் காலி பண்ணாமல் ஓட்டினால் நிம்மதியாக 170.

இங்கே ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தி ஏறக்குறைய 9 யூனிட். அப்படிப் பார்த்தால் 30 யூனிட் பேட்டரியில் இருப்பது மூன்றரை லிட்டர் பெட்ரோலுக்குக்கூடக் காணாத சக்தி! அதை வைத்துக்கொண்டு வண்டி இருநூறு கிலோமீட்டர் போகிறது. காரணம், பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைப்பதில் முக்கால் பங்கைச் சூடாக ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் விட்டுவிடும். மின் மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். ஆயில் எஞ்சினைத் தொட்டால் கை வெந்துபோகும், மோட்டாரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். வித்தியாசம் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

மாமாவின் முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வகை வண்டிகளின் மோட்டார் பெரும்பாலும் 80 ஹெச்.பி.யிலிருந்து 140 ஹெச்.பி. வரை. கிணற்றில் ஓடுவது ஐந்தோ ஏழரையோ. ஆனால் கிணற்று மோட்டார் போட்டதிலிருந்து நிறுத்தும்வரை முழு பலத்தோடு ஓடும். வண்டி மோட்டார் மேடு ஏறும்போதும் முந்தும்போதும்தான் தன் பலத்தைக் காட்டும். சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது இழுப்பது பத்து ஹெச்.பி. அளவுக்குத்தான்.

கம்பெனி சொல்லும் கிலோமீட்டர்

முதல் நெக்ஸானுக்குச் சொன்ன தூரம் 312 கிலோமீட்டர். ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது இருநூறைச் சுற்றி. ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வண்டியைச் சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் நிறுத்தி, ஏ.சி. போடாமல், வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டி அளப்பது அந்த எண். எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அது உதவும். உங்கள் ஊர்ச் சாலைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

கிணறு எவ்வளவு ஆழம் என்பதல்ல கேள்வி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டிக்கு நாம் பங்க்கைத் தேடிப் போகிறோம். அதனால் தொட்டி பெரிதாக இருந்தால் நல்லது என்று மனம் பழகிவிட்டது. மின்சார வண்டி அப்படியல்ல. அது கிணறு மாதிரி. பகலில் இறைக்கிறோம், ராத்திரி ஊறுகிறது. கிணற்றை வைத்து வெள்ளாமை செய்கிறவர் ஆழத்தை மட்டும் பார்ப்பதில்லை. ராத்திரி எவ்வளவு ஊறும், காட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்றுதான் பார்ப்பார்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். திருப்பூரில் இருக்கிறோம். காலையில் பள்ளிக்கூடம், பிறகு என் வேலை, மாலையில் டியூஷன், நடுவில் மார்க்கெட். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 35, 40 கிலோமீட்டர். ஏழால் வகுத்தால் 6 யூனிட்டுக்கும் குறைவு. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாகும், அதையும் சேர்த்தால் ஆறரை. வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் மணிக்கு 3 யூனிட் ஏறும். ஆக, நாங்கள் ஒரு நாள் ஓட்டுவதற்கு இரண்டே கால் மணி நேரம் போதும். சாப்பிட்டுவிட்டுச் செருகினால், காலையில் எழும்போது நேற்று இறைத்தது ஊறி நிற்கிறது.

பத்து மணி நேரம் செருகி வைத்தால் 30 யூனிட், அதாவது இருநூறு கிலோமீட்டர், அந்தச் சாதாரண பிளக்கிலேயே ஏறிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிய பேட்டரிக்கு இரண்டு மூன்று லட்சம் கூடக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வருடத்தில் முந்நூறு நாள் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற குடும்பம், சென்னைக்குப் போகும் நான்கு நாளுக்காக மீதி நாளெல்லாம் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு திரிவதா? வாரம் ஒரு முறையாவது கோவையிலிருந்து சேலம் போய்த் திரும்புகிற ஆள் என்றால் சங்கதி வேறு. அவருக்கு 45 யூனிட் பேட்டரி தேவைதான்.

பிளக்கும் எர்த்தும்

வண்டியை புக் பண்ணும் முன்னால் எலெக்ட்ரீசியனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஷோரூமைவிட இவர்தான் முக்கியம்.

வண்டி வந்த முதல் வாரம் கார் ஷெட்டில் இருந்த பழைய பிளக்கிலேயே செருகினேன். எப்போதோ கிரைண்டருக்காகப் போட்டது. ஒரு மணி நேரம் கழித்து எதேச்சையாகப் பிளக்கின் தலையைத் தொட்டேன், கை பொறுக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் காபி நிறத்துக்கு மாறியிருந்தது, லேசான கருகல் வாசம். கிரைண்டரோ அயர்ன் பாக்ஸோ அரை மணி நேரம் ஓடும், விட்டு விட்டு இழுக்கும். வண்டி 13, 14 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். பழைய பிளக்கின் தளர்ந்த பித்தளைக்கும் மெல்லிய வயருக்கும் அது தாங்காது. மறுநாளே மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் உடனே வெட்டிவிடும் ஸ்விட்ச்), கெட்டியான இண்டஸ்ட்ரியல் சாக்கெட் எல்லாம் போட்டோம். அதிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடினாலும் தொட்டால் வெதுவெதுப்புதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

எர்த் இன்னும் முக்கியம். அன்றைக்கு மாமனார் வீட்டில் சார்ஜரைச் செருகியதும் அதில் சிவப்பு விளக்கு மின்னியது, வண்டி சார்ஜ் ஏற மறுத்தது. மாமா ஒரு நிமிடம் பார்த்தார். "எர்த்துக் குழி காஞ்சு போயிருக்குமுங். சித்திர வெயிலு." இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வீட்டுச் சுவரோரம் இருந்த எர்த் குழியில் மெதுவாக ஊற்றினார். கால் மணி நேரத்தில் பச்சை விளக்கு வந்துவிட்டது! எர்த் சரியில்லை என்று தெரிந்தால் இந்த சார்ஜர்கள் வேலை செய்யாது. அது நம் உயிருக்கான பாதுகாப்பு. மண் காய்ந்தால் கரண்டு பூமிக்குள் இறங்கும் வழி அடைபடும், ஈரமிருந்தால் திறக்கும். அதற்குத்தான் குழியில் கரியும் உப்பும் போட்டு நிரப்புவது. பழைய வீடாக இருந்தால் புதிதாகவே ஒரு எர்த் குழி எடுத்துவிடுங்கள்.

அப்போது மாமா இன்னொரு யோசனையும் சொன்னார். "மோட்டார் ரூம்ல த்ரீ பேஸ் இருக்குது. அங்கயே போட்டுக்கலாமே, மாப்ள?" நான் சொன்னேன், "வேண்டாமுங் மாமா. அது வெள்ளாமைக்குக் குடுத்த லைனுங்." விவசாய பம்ப்செட்டுக்கு அரசு தரும் இலவச மின்சாரம் தண்ணீர் இறைக்க மட்டும்தான். அதில் கார் சார்ஜ் போடுவது விதிமீறல், பிடிபட்டால் அபராதம் வரும். சட்டத்தை விடுங்கள், போராடி வாங்கிய சலுகைக்கு நாமே கெட்ட பெயர் வாங்கித் தரக் கூடாது.

சுவரில் பதிக்கும் 7.2 கிலோவாட் சார்ஜர் வைத்தால் வேகம் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் வண்டிக்குள் இருக்கும் சார்ஜரும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும். வீட்டுக் கரண்டு முன்னும் பின்னும் ஆடும் ஏ.சி.; பேட்டரிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் டி.சி. அதை மாற்றிக் கொடுக்கும் பெட்டி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அது 3.3 கிலோவாட் என்றால் சுவரில் எவ்வளவு பெரிய சார்ஜர் இருந்தாலும் 3.3தான் ஏறும். 7.2 வைப்பதாக இருந்தால் மின்வாரியத்தில் வீட்டு லோடைக் கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். தினம் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அதுவே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

லைன் வீட்டிலோ காம்பவுண்ட் வீட்டிலோ வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரரிடம் பேசித் தனி பிளக்குக்கு ஒரு வழி பண்ணிக்கொள்ளும்வரை பொறுங்கள். வீட்டில் பிளக் இல்லாமல் மின்சார வண்டி வைத்திருப்பது, கிணறு இல்லாமல் டேங்கர் தண்ணீரில் தென்னை வளர்ப்பது மாதிரி. முடியும், ஆனால் கட்டுப்படி ஆகாது.

பில் எவ்வளவு கூடும்

நம் ஊரில் மீட்டர் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்தில் 2,000. அதற்கு 320 யூனிட் ஆகும். வீட்டு உபயோகம் ஏற்கெனவே 300, 400 இருக்கும். இரண்டும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டும்போது கணக்கே மாறி, மேல் படிகளில் யூனிட் விலை ஏறும். அதனால் வண்டி குடிக்கும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 3,200 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டிக்கு அதே 2,000 கிலோமீட்டருக்கு 133 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 13,300. இரண்டு மாதத்துக்குப் பத்தாயிரம் மிச்சம், வருடத்துக்கு அறுபதாயிரம். மொட்டை மாடியில் சோலார் போட்டிருப்பவர்களுக்கு இன்னும் லாபம். 3 கிலோவாட் பேனல் நம் வெயிலில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் தரும், வண்டிக்கு அதில் பாதி போதும்.

சாலையோர வேக சார்ஜரில் நிலைமை வேறு. அங்கே யூனிட்டுக்கு வரியோடு 20, 25 ரூபாய் ஆகிவிடும். கிலோமீட்டருக்கு மூன்று மூன்றரை ரூபாய். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் வீட்டுக் கணக்கு அங்கே செல்லாது.

மின்சார வண்டி அதே அளவு பெட்ரோல் வண்டியைவிட இரண்டிலிருந்து நான்கு லட்சம் வரை கூடுதல் விலை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் மூன்றரையிலிருந்து ஏழு வருடத்துக்குள் அதை எடுத்துவிடுவார். மாதம் முந்நூறு கிலோமீட்டர்தான் ஓட்டுவேன், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் வண்டி என்பவர்கள் பணத்துக்காக இதை வாங்க வேண்டாம். மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். சாலை வரியிலும் தமிழ்நாடு அரசு விலக்கு கொடுத்து வந்திருக்கிறது, வாங்கும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெடுந்தூரம்

சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் இப்போது ஹோட்டல், பங்க் என்று பல இடங்களில் வேக சார்ஜர்கள் இருக்கின்றன. இவை டி.சி.யாகவே கொடுப்பவை. மாற்றும் வேலை வெளியே நிற்கும் பெரிய பெட்டியில் முடிந்துவிடுகிறது. பத்து சதவீதத்திலிருந்து எண்பது வரை ஏற ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். எண்பதுக்கு மேல் ஊர்ந்துதான் ஏறும். மூட்டையில் பஞ்சு அடைப்பது போலத்தான். முதல் பாதி தானாக விழும், கடைசிப் பஞ்சைக் காலால் மிதித்து அமுக்க வேண்டும். அதனால் எண்பதிலேயே பிடுங்கிக்கொண்டு கிளம்புவதுதான் நெடுந்தூரத்துக்கு நல்லது. பின்னால் காத்திருப்பவருக்கும் அது உதவி.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்பணம். இரண்டு மூன்றையாவது வீட்டில் வைத்தே போட்டுப் பழகிவிடுங்கள். ஒரு ராத்திரி, நெடுஞ்சாலை ஹோட்டல் ஒன்றில் ஆப் 'தயார்' என்று காட்டியது, போனால் சார்ஜர் உயிரில்லாமல் நின்றது. பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியில் 22 சதவீதம். வேகத்தை அறுபதுக்குக் குறைத்து அடுத்த சார்ஜர் வரைக்கும் போனோம், 14 சதவீதம் மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் மாதிரி எந்தப் பயணத்தையும் திட்டமிடுவதில்லை.

மலை, காற்று, வெயில்

நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை. ஊட்டி, கோத்தகிரி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளோடு வால்பாறை, இருபத்தேழோடு திம்பம், எழுபதோடு கொல்லிமலை. மின்சார வண்டி மலை ஏறுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. நன்றாகவே ஏறும். முதல் சுழற்சியிலிருந்தே முழு இழுவை கிடைப்பதால், கியர் மாற்றித் திணறாமல் வளைவுகளில் மிதந்துபோகும். கேள்வி யூனிட் கணக்கில்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர், உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடும் சாமானோடும் 1,650 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் எட்டரை யூனிட். மோட்டாரில் வீணாவது, சாலையில் உருள்வது எல்லாம் சேர்த்தால் பதினைந்து ஆகும். சமதரையில் ஏழு யூனிட்டில் போகும் தூரம் இது. திருப்பூரிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வர ஏழெட்டு யூனிட். ஆக ஊட்டி போய்ச் சேர 22 அல்லது 23. முப்பது யூனிட் பேட்டரியில் முக்கால் காலி. 25 யூனிட் பேட்டரி என்றால் மேட்டுப்பாளையத்தில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டுதான் மலையைத் தொட வேண்டும்.

இறங்கும்போதுதான் வேடிக்கை. சைக்கிளில் டைனமோவைச் சாய்த்துவிட்டால் பெடல் கனக்கும், விளக்கு எரியும், ஞாபகம் இருக்கிறதா? அதுவேதான் இங்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் டைனமோ ஆகிறது. அந்தக் கனம் பிரேக்காக வண்டியைப் பிடிக்கிறது, கிடைத்த கரண்டு பேட்டரிக்குப் போகிறது. குன்னூரிலிருந்து பர்லியாறு வரும்வரைக்கும் சதவீதம் குறையாமல் கூடிக்கொண்டே போவதைப் பார்த்து என் மகள் கைதட்டினாள். மலையில் இறங்கும்போது பிரேக் சூடாகி வாசம் வரும் பயமும் இதில் வெகுவாகக் குறைகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஊட்டி லாட்ஜில் ராத்திரி முழுக்கச் செருகி நூறு சதவீதம் நிரப்பிவிடாதீர்கள். நிரம்பிய தொட்டியில் மேற்கொண்டு ஊற்ற இடமில்லை. மோட்டார் வண்டியைப் பிடிக்காது, மலை முழுக்கக் கால் பிரேக்கையே நம்ப வேண்டி வரும். எண்பதோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

ஆடிக் காற்றையும் கணக்கில் சேருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று, கோவையிலிருந்து பாலக்காடு போகும் வண்டியை எதிரே நின்று தள்ளும். எண்பதில் போகும்போது முப்பது கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், வண்டிக்கு அது நூற்றுப்பத்தில் போவது மாதிரி. காற்றின் தடை ஏறக்குறைய இரு மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்.

சித்திரை வைகாசியில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடும். ஏ.சி. மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் எடுக்கும். ஓடும் வண்டியில் அது பெரிதாகத் தெரியாது. நெரிசலில் நகராமல் நின்றால்தான் தெரியும். பேட்டரிக்கும் வெயில் ஆகாது. வேப்பமரமோ ஷெட்டோ பார்த்து நிறுத்துவது நல்லது. வெயிலில் ஓடி வந்த வண்டியை உடனே செருகாமல் ஒரு மணி நேரம் ஆற விடுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

பேட்டரி எத்தனை வருடம்

8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி பரவலாகக் கிடைக்கிறது. நம் விலைக்குள் வரும் வண்டிகளில் பலவற்றில் இருப்பது எல்.எஃப்.பி. என்னும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. எடை கூடுதல், ஆனால் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, இரண்டாயிரம் முறைக்கு மேல் நிரப்பிக் காலி செய்யலாம். ஒரு முறைக்கு இருநூறு கிலோமீட்டர் என்றால் நான்கு லட்சம் கிலோமீட்டர். ஒரு குடும்பத்துக்கு அது முப்பது வருட ஓட்டம், அதற்குள் வண்டியின் மற்ற பாகங்கள் கிழடாகிவிடும். எல்.எஃப்.பி. வண்டியை அவ்வப்போது நூறு வரை நிரப்பச் சொல்வார்கள். இந்தப் பேட்டரியில் வோல்ட்டேஜ் கடைசிவரைக்கும் பெரிதாக இறங்காது, அதனால் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு மெல்லப் பிசகும். முழுதாக நிரம்பும்போது கணக்கு நேராகிவிடும்.

பெரிய பேட்டரியைத் தவிர, பழைய வண்டிகளில் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரி ஒன்று இதிலும் உண்டு. கதவு திறக்கவும் வண்டி விழிக்கவும் அதுதான் வேண்டும். அது செத்தால் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் வண்டி அசையாது. மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் எல்லோரும் ஏறி இறங்க

எஸ்.யு.வி. எதற்கு, சின்ன கார் போதாதா என்றால், கிராமத்து வேகத்தடைகள்தான் என் பதில். பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருப்பதால், தரையிலிருந்து 190 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் நிம்மதி. மூட்டு வலி உள்ள ஆத்தாவுக்குக் குனிந்து உட்கார வேண்டாத உயரச் சீட்டும் பெரிய விஷயம். நான்கு மீட்டருக்குள் நீளம் என்ற கட்டு பெட்ரோல் வண்டி வரிக்காக வந்தது. மின்சார வண்டிக்கு அந்த வரி வித்தியாசம் கிடையாது, அதனால் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் தயங்க வேண்டாம். பஞ்ச் ஈ.வி.யும் நெக்ஸான் ஈ.வி.யும் 2024-ல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கின. எந்த வண்டி பார்த்தாலும் இந்த நட்சத்திரத்தைக் கேட்காமல் வராதீர்கள்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு, நீங்கள் தினமும் போகும் சாலையிலேயே ஓட்டுங்கள். கிளம்பும் முன் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்ததும் திரையில் கிலோமீட்டருக்கு இத்தனை வாட் ஹவர் என்று ஒரு எண் நிற்கும். ஆயிரத்தை அதால் வகுத்தால் உங்கள் வீட்டுக்கு, உங்கள் சாலையில், ஒரு யூனிட் எத்தனை கிலோமீட்டர் தரும் என்பது வந்துவிடும். எங்களுக்கு அன்றைக்கு வந்தது 143. மாமாவிடம் சொன்னேன், "யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டருங் மாமா." கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டவர், "அப்படின்னா கோபிக்கு வந்துட்டுத் திரும்ப பதினஞ்சு யூனிட்டு. வாராவாரம் வாங்க" என்றார்.